சதுப்பு நிலத்தில் ஒரு மைதானம்

பிளம்ஸ்டெட் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பஸ் டிப்போவைத் தாண்டியதும் தொழிற்பேட்டை தொடங்கிவிடும். தகரக் கூரைக் கிடங்குகள், வாகனம் திருத்தும் இடங்கள், லொறிகள் திரும்புகிற முற்றங்கள். இன்னும் கொஞ்சம் போனால் பெல்மார்ஷ் சிறைச்சாலையின் மதில். லண்டனின் தென்கிழக்கு மூலையில், தேம்ஸ் நதியோரத்துச் சதுப்பு நிலம் இது. அலுவல் இல்லாமல் இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஆர்சனல் கழகம் தன் முதலாவது லீக் ஆட்டத்தை ஆடியது இங்கேதான். 1893 செப்டெம்பர் 2ஆம் திகதி, நியூகாசில் யுனைட்டெட்டுடன். இரண்டு கழகங்களுக்கும் அதுவே முதல் லீக் ஆட்டம்; ஆளுக்கு இரண்டு கோலுடன் சமநிலையில் முடிந்தது. மேனர் மைதானம் என்று அந்த இடத்துக்குப் பெயர்.

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கு அறை கிடைத்தது பிளம்ஸ்டெட்டில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாடகை மலிவு, எங்கள் சனமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையில், அது 1967இல் மூடப்படும் வரை, கடைசல் வேலை செய்தவர். நான் உதைபந்தாட்டம் பார்க்கிறவன் என்று அறிந்த நாளிலிருந்து அவர் என்னை விடவில்லை. அவருடைய தகப்பனார் சிறுபிள்ளையாக மேனர் மைதானத்தில் நின்று ஆட்டம் பார்த்தவர். தகப்பன் மகனுக்குக் காட்டிய இடங்களை மகன் எனக்குக் காட்டித் தந்தார். வேலை முடிந்து காலையில் நான் வரும்போது வாசலிலேயே நிற்பார். ஒரு தேத்தண்ணி குடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு நடக்கத் தொடங்குவார், நான் பின்னால் போவேன். அந்த நடைகளில்தான் பிளம்ஸ்டெட் எனக்கு ஒரு ஊரானது.

வடபகுதிக் கரையோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கழகம் எப்படிப் பிறக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு சனசமூக நிலையம், அதற்குப் பக்கத்தில் ஒரு வெளி, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து வாங்கிய ஒரு பந்து. ஆர்சனலும் அப்படித்தான் பிறந்தது. வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைக்குள் டயல் ஸ்குவேர் என்றொரு பட்டறை இருந்தது. வாசலின் மேலே ஒரு சூரியக் கடிகாரம் இருந்ததால் அந்தப் பெயர். 1886இன் கடைசியில் அங்கே வேலை செய்த பதினைந்து பேர் ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டார்கள். டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மேலும் மூன்று ஷில்லிங் தன் கையிலிருந்து கொடுத்தார். பந்து வந்தது. டிசம்பர் 11ஆம் திகதி ஆற்றுக்கு அக்கரையில், ஐல் ஒஃப் டோக்ஸில், ஈஸ்டர்ன் வொண்டரர்ஸ் என்ற அணியை 6-0 என்று வென்றார்கள். அந்த வெளியில் கழிவு வாய்க்கால் ஒன்று திறந்தபடி ஓடியதாக அன்றைய செயலாளர் எலைஜா வாட்கின்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சிவப்புச் சட்டையும் அந்தக் காலத்ததுதான். நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டில் ஆடிவிட்டு வூல்விச்சுக்கு வேலைக்கு வந்த ஃப்ரெட் பியர்ட்ஸ்லியும் மொரிஸ் பேட்ஸும் பழைய கழகத்துக்கு எழுதிக் கேட்க, அங்கிருந்து ஒரு தொகுதிச் சட்டைகள் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் ஆர்சனலின் நிறம் அதுதான்.

முதலில் பிளம்ஸ்டெட் பொதுவெளியில் ஆடினார்கள். மேட்டில் இருக்கிற திறந்த புல்வெளி அது, யாரும் ஆடலாம். அடுத்து சதுப்பு நிலத்தின் விளிம்பில், முன்பு பன்றி வளர்த்த இடம் ஒன்றுக்குப் போனார்கள். ஸ்போர்ட்ஸ்மன் மைதானம் என்று பெயர்தான் பெரிது, மழை வந்தால் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். 1888இன் தொடக்கத்தில் மில்வோல் அணி ஆட வந்த ஒரு நாள் அந்த இடம் முற்றாக வெள்ளக்காடாகிவிட்டது. பக்கத்திலிருந்த வயலைக் கேட்டு வாங்கி, அங்கே கோல் கம்பங்களை நட்டு ஆடினார்கள். மேனர் வயல் என்ற அந்த நிலம் கழகத்தின் கைக்கு வந்தது இப்படி ஒரு அவசரத்தில்தான். ஆடுகளத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்கள். பெரிய ஆட்டங்களுக்கு இராணுவத்திடம் வண்டிகளை இரவல் வாங்கி ஓரத்தில் நிறுத்துவார்கள், சனம் அவற்றின் மேல் ஏறி நின்று பார்க்கும். ஆயுதம் செய்கிற ஊரில் இரவல் கேட்க வேறென்ன இருக்கும்!

கழகம் வளர்ந்தது. 1890இல் பிளம்ஸ்டெட் ஹை ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே இன்விக்டா மைதானத்துக்கு மாறினார்கள். அங்கே இருக்கை மேடை இருந்தது, கான்கிரீட் படிகள் இருந்தன, உடைமாற்ற அறைகள் இருந்தன. உரிமையாளர் சோடா கம்பனி நடத்திய ஜோர்ஜ் வீவர். 1891இல் லண்டன் சீனியர் கிண்ணத்தை வென்றார்கள். அதே ஆண்டில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள். அதற்கு முந்திய மாதங்களில்தான் எஃப். ஏ. கிண்ண ஆட்டமொன்றுக்கு வந்த டார்பி கவுன்ட்டி, இவர்களுடைய இரண்டு ஆட்டக்காரர்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்திருந்தது. வட இங்கிலாந்தில் சம்பள ஆட்டம் அப்போது வழமையாகிவிட்டது, லண்டனிலோ அது பெருங்குற்றம். லண்டன் உதைபந்தாட்டச் சங்கம் தன் போட்டிகளிலிருந்து இவர்களை விலக்கியது. அயல் கழகங்கள் முகம் திருப்பிக்கொண்டன. ஒரு தொழிலாளி தன் திறமைக்குக் கூலி கேட்பதில் என்ன குற்றம் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. கையில் காசுள்ள கனவான்கள் சும்மா ஆடலாம். சனிக்கிழமை அரைநாள் வேலையை விட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லாதவன் என்ன செய்வான்?

விலக்கப்பட்டவர்கள் வடக்கைப் பார்த்தார்கள். 1893இல் லீக்கின் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. தென்னிங்கிலாந்திலிருந்து லீக்குக்குள் போன முதல் கழகம் இதுதான். நல்ல செய்தி வந்த கையோடு இன்விக்டாவின் வாடகையைப் பெரும் தொகையாக உயர்த்திக் கேட்டார் வீவர்.

இந்த இடத்தில்தான் கிழவர் எப்போதும் நடையை நிறுத்துவார். 1893ஐ அவர் சொல்லும்போது, அதில் தானும் ஒருவராக இருந்ததுபோல் குரல் உயரும். வாடகைக்கு இருப்பதில்லை, சொந்தமாக நிலம் வாங்குவது என்று கழகம் முடிவெடுத்தது. ஒரு பவுண் வீதம் நாலாயிரம் பங்குகளை வெளியிட்டார்கள். 860 பேர் 1,552 பங்குகளை வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அயலில் குடியிருந்த தொழிற்சாலை வேலையாட்கள். அன்றைக்கு ஒரு பவுண் என்பது கூலியாள் ஒருவர் ஒரு கிழமை முழுக்க உழைத்துப் பெறுகிற தொகைக்குக் கிட்ட வரும். பலர் ஒன்று, அல்லது இரண்டு பங்குதான் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் காசில் கழகம் தன் பழைய மேனர் வயலையே சொந்தமாக வாங்கியது. அந்தக் கோடையில் ஆதரவாளர்களே இறங்கி நிலத்தைச் சீர்செய்தார்கள். லிமிட்டெட் கம்பனியானதும், அதுவரை ரோயல் ஆர்சனல் என்றிருந்த பெயரிலிருந்து ‘ரோயல்’ என்ற அடைமொழி போய், வூல்விச் ஆர்சனல் என்ற பெயர் வந்தது. இன்விக்டா மைதானம் சில ஆண்டுகளில் மறைந்தது, அதன் மேல் வீடுகள் எழும்பின. அந்தக் கான்கிரீட் படிகளில் ஒரு துண்டு ஹெக்டர் ஸ்ட்ரீட் வீடுகளின் பின்வளவில் நெடுங்காலம் கிடந்தது.

ஒரு நவீனக் கழகத்தின் பங்கு என்றால் இன்று பங்குச் சந்தையும் கோடீஸ்வரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். நான் நினைப்பது அந்த 860 பேரை. கந்தகமும் இரும்புத்தூளும் படிந்த கையால் ஒரு பவுணை எடுத்துக் கொடுத்து, சேற்று நிலத்தில் தங்களுக்கென்று ஒரு இடத்தை வாங்கியவர்கள். இந்தக் கழகத்தின் கதையில் இதைவிடப் பெரிய சம்பவம் வேறில்லை என்பது என் எண்ணம். வென்ற கிண்ணங்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் ஆயிரக்கணக்கான ஆண்கள் வாசலால் வெளியே வருவார்கள். பலர் வீட்டுக்குப் போகாமலே மைதானத்துக்கு நடப்பார்கள். ஒரு பக்கத்தில் இருக்கை மேடை, மற்றப் பக்கங்களில் மண்மேடு. சதுப்பின் ஈரமும் ஆற்றின் பனிமூட்டமும் மாரிகாலம் முழுக்க விலகாது. வடக்கிலிருந்து வருகிற அணிகளுக்கு இந்த மைதானம் பிடிக்கவே பிடிக்காது. ரயிலில் லண்டன் வந்து, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து, தொழிற்சாலைப் புகைக்குள் வந்து இறங்க வேண்டும். உள்ளூர்க்காரரின் கூச்சலோ பேர்போனது. 1895 ஜனவரியில் பேர்ட்டன் வொண்டரர்ஸுடனான ஆட்டம் முடிந்தபோது சனம் நடுவரைத் தாக்கிவிட்டது. மைதானம் சில கிழமைகள் மூடப்பட்டது.

மைதானத்தின் ஓரமாக ஒரு நீண்ட கரை போகிறது. தென் லண்டனின் கழிவுநீர் முழுவதையும் குரொஸ்னஸ் வரை கொண்டுபோகும் பெருங்குழாய் அதற்குள் இருக்கிறது. 1850களின் நாற்றத்துக்கும் கொலராவுக்கும் பிறகு ஜோசஃப் பசல்ஜெட் அமைத்த திட்டத்தின் ஒரு பகுதி அது. நிலமட்டத்துக்கு மேலே, மண்ணால் மூடி, பாதை போல உயர்ந்து கிடக்கும். நுழைவுச்சீட்டுக்குக் காசில்லாதவர்களும் சிறுவர்களும் அந்தக் கரையில் ஏறி நின்று இலவசமாக ஆட்டம் பார்த்தார்கள். கிழவரின் தகப்பனார் நின்றதும் அங்கேதான். அந்தக் கரை இன்றும் இருக்கிறது. ரிட்ஜ்வே என்று அதைத் துப்புரவாக்கி நடைபாதையாக்கியிருக்கிறார்கள். பிளம்ஸ்டெட்டில் ஏறினால் தேம்ஸ்மீட் பக்கம் வரை நடக்கலாம். இரு பக்கமும் முட்செடி, கோடையில் கருநிறப் பழங்கள். மேனர் மைதானம் இருந்த திசையைப் பார்த்து அங்கே நிற்கும்போதெல்லாம், கிழவர் தன் தகப்பனார் சொன்ன ஆட்டங்களை வரிசை மாறாமல் எனக்குச் சொல்வார்.

அவற்றில் சந்தோசமும் இருந்தது, துக்கமும் இருந்தது. ஜோ பவல் என்ற பின்கள ஆட்டக்காரர் 1896 நவம்பரில் கெட்டரிங்கில் ஆடும்போது விழுந்து கை முறிந்தது. காயத்தில் ஏற்புவலி கண்டது. கையை வெட்டியெடுத்தும் பயனில்லாமல் சில நாட்களில் இறந்துபோனார், வயது 26. மருந்து வளராத காலம், சதுப்பும் சேறும் நிறைந்த ஆடுகளங்கள். அன்றைய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எதற்குத் துணிந்து இறங்கினார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

1899இல் தென்னாபிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. தொழிற்சாலையில் இரவு பகலாக வேலை, சனிக்கிழமை பின்னேரமும் வேலை. மைதானம் வெறிச்சோடியது. 1900 மார்ச் 12இல் லௌபரோ அணியை 12-0 என்று வென்றார்கள். கழகத்தின் மிகப் பெரிய லீக் வெற்றி இன்றுவரை அதுதான். அதைப் பார்க்க ஆள் இருக்கவில்லை. ரசிகர்கள் எல்லாரும் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்து சனம் திரும்பிய பின், 1904இல் மைதானத்தில் உயர்ந்த புதிய மண்மேடு ஒன்று எழும்பியது. அதற்கு ஸ்பியன் கொப் என்று பேர் வைத்தார்கள். 1900 ஜனவரியில் நேட்டாலில் பிரித்தானியப் படை பேரிழப்போடு பின்வாங்கிய குன்றின் பெயர் அது. அதே போரில், அதே குன்றின் அடியில் காயப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது மோகன்தாஸ் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. ஏறத்தாழ 1,100 பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அப்படிக் கப்பலேறியவர்களில் தமிழர் தொகை மிகப் பெரிது. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் இருக்கிற கொப் உலகப் புகழ் பெற்றது. அது 1906இல் வந்தது. அந்தப் பெயர் முதலில் ஏறியது பிளம்ஸ்டெட்டின் மேட்டில்.

1903-04 பருவத்தில் சொந்த மைதானத்தில் பதினேழு லீக் ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. போட்டது 67 கோல், வாங்கியது வெறும் ஐந்து. கோல் காவலர் ஜிம்மி ஆஷ்குரொஃப்ட் அந்த நாளைய பேச்சு. அந்த ஆண்டே முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். 1906இலும் 1907இலும் எஃப். ஏ. கிண்ண அரையிறுதி வரை போனார்கள். மேனர் மைதானத்தின் பொற்காலம் இதுதான், நீண்டு நிலைக்கவில்லை. போர் முடிந்ததால் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். கடற்படையின் டோர்பிடோ பிரிவு ஸ்கொட்லாந்தின் கிரீனொக்குக்கு மாற, வேலையாட்கள் பலர் குடும்பத்தோடு போய்விட்டார்கள். லண்டனின் மற்றப் பக்கங்களில் செல்சியும் டொட்டன்ஹாமும் சனத்தை இழுத்தன. வூல்விச் வரை ரயிலேறி வர வேறு ஊர்க்காரருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

1910இல் கம்பனி கலைப்புக்குப் போனது. காப்பாற்ற வந்தவர் ஹென்றி நோரிஸ். வீடு கட்டி விற்கிற பணக்காரர், ஃபுல்ஹாம் கழகத்தின் தலைவரும் அவரே. இரண்டு கழகங்களையும் ஒன்றாக்கப் பார்த்தார், லீக் சம்மதிக்கவில்லை. 1912-13 பருவம் முழுப் பேரழிவு. 38 ஆட்டத்தில் மூன்று வெற்றி, 26 கோல். சொந்த மைதானத்தில் வென்றது ஒரே ஒரு ஆட்டம். 1913 ஏப்ரல் 26இல் மிடில்ஸ்புரோவுடன் 1-1 என்று சமநிலையில் முடிந்ததோடு மேனர் மைதானத்தில் லீக் ஆட்டம் ஓய்ந்தது. ஆற்றைத் தாண்டி, வடக்கு லண்டனில் ஒரு இறையியல் கல்லூரியின் விளையாட்டுத் திடலை 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார் நோரிஸ். பக்கத்திலேயே சுரங்க ரயில் நிலையம். ஹைபரி என்ற பெயர் கதைக்குள் வந்தது அப்போதுதான். டொட்டன்ஹாமும் கிளப்டன் ஓரியண்டும் எதிர்த்தன. வூல்விச் ஆட்கள் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டே பெயரிலிருந்து ‘வூல்விச்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள்.

கணக்கைப் பார்த்தால் நோரிஸ் செய்தது சரி. அங்கேயே இருந்திருந்தால் கழகம் மூடப்பட்டிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் ஒரு பவுண் ஒரு பவுணாகச் சேர்த்த காசில் வாங்கிய நிலத்தைவிட்டுப் போகும்போது, அந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒரு பலகையாவது நட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஹைபரிக்குப் பக்கத்திலிருந்த கில்லெஸ்பி ரோட் நிலையத்துக்கு 1932இல் ஆர்சனல் என்றே பெயர் மாற்றினார்கள். பிறந்த ஊரின் நிலையம் பிளம்ஸ்டெட் என்ற பெயரோடு அப்படியே நிற்கிறது. 2006இல் ஹைபரியை விட்டு எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போனபோது பெரிய பிரியாவிடை நடந்தது, பழைய முகப்பை இடிக்காமல் பாதுகாத்தார்கள், ஆடுகளம் இருந்த இடம் தோட்டமாக இருக்கிறது. மேனர் மைதானம் பாழ்பட்டு, பிறகு தொழிற்பேட்டைக்குள் கரைந்துபோனது.

வூல்விச்சோடு இருந்த உறவு ஒரேயடியாக அறுந்துவிடவும் இல்லை. பொப் பென்சன் என்ற ஆட்டக்காரர் முதல் உலகப் போரின்போது வூல்விச் தொழிற்சாலையில் குண்டு செய்யும் வேலைக்குப் போனார். கிழமைக்கு எழுபது மணி நேர வேலை. 1916 பெப்ரவரியில் ஹைபரிக்கு ஆட்டம் பார்க்க வந்தவர், ஆள் குறைந்ததால் தானே இறங்கி ஆடினார். பயிற்சி விட்டுப்போன உடம்பு. களத்தைவிட்டு வெளியே வந்து, உடைமாற்றும் அறையில் உயிர் விட்டார். ஆர்சனல் சட்டையோடுதான் அவரைப் புதைத்தார்கள்.

தென்கிழக்கு லண்டனில் பிறகு சனம் சார்ல்டனைப் பிடித்துக்கொண்டது. கிழவர் மட்டும் ஆர்சனல்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாலும் எங்கள் கழகம் எங்கள் கழகம்தான் என்பார். அவர் போய்ப் பல காலமாகிவிட்டது. நானும் வீடு வாங்கி வேறிடம் வந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் எமிரேட்ஸ் பக்கம் போகிற ரயில்களில் எங்கள் பிள்ளைகள் சிவப்புச் சட்டையோடு ஏறுகிறார்கள். நெஞ்சில் பீரங்கிச் சின்னம். அந்தப் பீரங்கி வடக்கு லண்டனில் வார்க்கப்பட்டதென்று நினைக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஆர்சனல் ரசிகர்களுக்கு, குறிப்பாக பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்டத்துக்குப் போகிற தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பிளம்ஸ்டெட்டில் இறங்குங்கள். நிலையத்துக்குப் பின்னால் ரிட்ஜ்வேயில் ஏறிச் சற்றுத் தூரம் நடங்கள். இங்கேதான் 860 பேர் காசு போட்டு இந்தக் கழகத்துக்கு முதல் நிலம் வாங்கினார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கழகத்துக்கும் எழுதுங்கள்: மேனர் மைதானம் இருந்த இடத்தைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அறியும்படி, பெரிதாக ஒரு நினைவுச்சின்னம் வையுங்கள் என்று.